இயற்கைக்கு நாட்குறிப்பு எழுதிய ஹென்றி டேவிட் தோரோ

பெரியோரின் வரலாறுகளைப் படிக்கும்போது அவர்கள் வென்ற போர்களும் ஆண்ட நாடுகளும் ஆக்கிய பொறிகளுமே பெரும்பாலும் நம் கண்முன் நிற்கின்றன. ஓர் ஏரியின் பனிக்கட்டி எந்நாளில் உருகிற்று, கரையோரத்துச் செடி எந்நாளிற் பூத்தது, பறவை எந்நாளில் வந்து சேர்ந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வைத்த ஒருவரை அவ்வரிசையிற் சேர்க்கலாமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அவ்வினாவுக்கு அவருடைய வாழ்க்கையே விடை கூறும். அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. உயிரோடிருந்த காலத்தில் அவரைப் பெரியவராக மதித்தோர் மிகச் சிலரே. இன்றோ அவர் வாழ்ந்த ஏரிக்கரையைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர் எழுதி வைத்த திகதிகளை விஞ்ஞானிகள் எடுத்து ஆராய்கின்றனர்.

பிறப்பும் கல்வியும்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுள் ஒன்று மசச்சூசெற்ஸ். அதன் தலைநகராகிய பொஸ்ரனுக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் கொன்கோர்ட் என்னும் ஊர் உள்ளது. ஆறும் ஏரிகளும் வயல்களும் காடும் சூழ்ந்த அவ்வூரில் 1817 ஆம் ஆண்டு யூலை மாதம் 12 ஆம் நாள் தோரோ பிறந்தார். தந்தையார் யோன் தோரோ பென்சில் செய்து விற்று வாழ்ந்தவர். தாயார் பெயர் சிந்தியா. ஹெலன் என்னும் அக்காளும், யோன் என்னும் தமையனும், சோபியா என்னும் தங்கையும் அவருடன் பிறந்தோர்.

செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. ஆயினும் பெற்றோர் வருந்திப் பொருள் தேடி அவரை ஹாவார்ட் கல்லூரிக்கு அனுப்பினர். 1833 முதல் 1837 வரை அங்கு கற்றுத் தேறினார். பிற்காலத்திலே தந்தையாரின் தொழிலுக்கும் அவரது கல்வி உதவிற்று. காரீயத்துடன் களிமண்ணைத் தக்க அளவிற் கலந்து, வன்மையும் மென்மையும் வேண்டியவாறு அமையுமாறு பென்சில் செய்யும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். அதனால் தோரோ குடும்பத்தின் பென்சில் அமெரிக்காவிற் சிறந்ததெனப் பெயர் பெற்றது.

பிரம்பை வெறுத்த ஆசிரியர்

கல்லூரியை விட்டு வந்த 1837 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெரும் பொருளாதார நெருக்கடி நிலவியது. வேலை கிடைப்பது அரிது. அத்தகைய வேளையிலும் தோரோவுக்குத் தம் ஊர்ப் பொதுப் பாடசாலையில் ஆசிரியர் பதவி கிடைத்தது. பிரம்பில்லாத வகுப்பறையை எவரும் எண்ணிப் பார்க்காத காலம் அது. தோரோ பிரம்பைக் கையில் எடுக்கவில்லை. பாடசாலைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்து, பிள்ளைகளை அடித்தே அடக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அன்று சில மாணவரை அடித்த தோரோ, அந்தச் செயலின் பொருளின்மையை உணர்ந்து பதவியைத் துறந்தார். அவர் அங்கு கற்பித்த காலம் இரண்டு வாரம் மட்டுமே.

பல்லாண்டு பாடசாலையிற் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகின்றேன். வேலையற்ற காலத்தில், இருபது வயதில், கையிலிருந்த சம்பளத்தை ஒரு கொள்கைக்காக விடுவது எளிய செயலன்று.

அடுத்த ஆண்டிலே தமையனாருடன் சேர்ந்து சிறிய பாடசாலை ஒன்றைத் தாமே நடத்தினார். அங்கு அடி இல்லை. பிள்ளைகளை ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று மரஞ்செடிகளையும் பறவைகளையும் நேரிற் காட்டிக் கற்பித்தனர். நில அளவைக் கருவியைக் கையிற் கொடுத்துக் கணிதத்தைப் பயிற்றினர். மாணவர் விரும்பி வந்த அப்பாடசாலை, தமையனாரின் உடல்நலம் குன்றியமையால் 1841 இல் மூடப்பட்டது. அதற்கு அடுத்த சனவரி மாதத்தில், சவரக் கத்தியாற் பட்ட சிறு காயத்தினூடே ஏற்பு நோய் தொற்றி, தமையனார் சில நாட்களில் இறந்துபோனார். 1839 இல் இருவரும் தாமே செய்த படகிலே ஆறுகளின் வழியே சென்று வந்த பயணத்தை ஒரு நூலாக்கி அவர் நினைவுக்குப் படைக்க வேண்டும் என்பது தோரோவின் பெருவிருப்பமாயிற்று. அந்நூலை எழுத அமைதியான ஓர் இடம் தேவைப்பட்டது.

ஏரிக்கரையில் ஒரு குடில்

கொன்கோர்ட் ஊருக்குத் தெற்கே, நடந்து செல்லும் தூரத்தில், காடு சூழக் கிடப்பது வோல்டன் ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 61 ஏக்கர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதியை மூடியிருந்த பனிப்பாறை உருகி விலகியபோது, மணலுள் புதைந்து நின்ற பெரும் பனிக்கட்டியொன்று கரைந்ததால் உண்டான பள்ளமே இவ்வேரி என்பர் புவியியலாளர். ஆறொன்றும் இதனுட் பாய்வதில்லை, இதிலிருந்து புறப்படுவதுமில்லை. நிலத்தடி நீரும் மழையுமே இதனை நிரப்புகின்றன.

அக்கரையில் ஒரு துண்டு நிலம் எமெர்சன் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளருக்குச் சொந்தமாயிருந்தது. தோரோவின் வழிகாட்டியும் நண்பருமாகிய அவர் அங்கு குடில் கட்டிக்கொள்ள இசைந்தார். 1845 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் தோரோ இரவலாக வாங்கிய கோடரியுடன் காட்டுக்குட் சென்று பைன் மரங்களைத் தறிக்கத் தொடங்கினார். புகையிரதப் பாதையில் வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவரின் பழைய குடிசையை விலைக்கு வாங்கி, அதன் பலகைகளைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினார். குடிலின் நீளம் 15 அடி, அகலம் 10 அடி. மொத்தச் செலவு 28 டொலரும் பன்னிரண்டரைச் சதமும் என்று கணக்கு எழுதி வைத்தார். யூலை 4 ஆம் நாள் குடிபுகுந்தார். அங்கு அவர் வாழ்ந்தது இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் இரண்டு நாளும்.

ஊரவர் பலர் இதனைப் பைத்தியக்காரத்தனமென நகைத்தனர். முந்திய ஆண்டில் அவரும் நண்பரொருவரும் ஆற்றங்கரையில் மீன் சமைக்க மூட்டிய தீ பரவி ஏறத்தாழ 300 ஏக்கர் காடு எரிந்து போயிருந்தது. காட்டை எரித்தவன் காட்டில் வாழப் போகின்றான் என்று கேலி பேச இதுவும் காரணமாயிற்று. தோரோவும் குறைகள் உள்ள மனிதரே. ஆயினும் அதன்பின் தம் வாழ்நாள் முழுவதையும் அக்காட்டை அறிவதற்கே செலவிட்டார்.

அவர் உலகைத் துறந்த முனிவர் அல்லர். ஊருக்கு அடிக்கடி சென்று வந்தார், விருந்தினரையும் வரவேற்றார். வாழ்வதற்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதைச் செய்து பார்த்து அறிவதே அவர் நோக்கம். இரண்டரை ஏக்கர் நிலத்தைக் கொத்திப் பெரும்பாலும் அவரையினப் பயிரை விளைவித்தார். ஆண்டில் ஆறு வாரம் உழைத்தாற் போதும், எஞ்சிய நாட்களைக் கற்பதற்கு ஒதுக்கலாம் என்று கணக்கிட்டுக் கண்டார். பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கு அவர் விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்றாகும்.

ஏரியை அளந்தவர்

வோல்டன் ஏரிக்கு அடியே இல்லை என்று ஊரிற் பலர் நம்பினர். அளந்து பாராமலே தலைமுறை தலைமுறையாக அப்படிச் சொல்லி வந்தனர். தோரோ 1846 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏரி உறைந்து கிடந்தபோது, திசைகாட்டியும் அளவைச் சங்கிலியும் கயிறும் கொண்டு புறப்பட்டார். பனிக்கட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிற் துளையிட்டுக் கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார். மிக ஆழமான இடம் 102 அடி. பிற்காலத்துக் கருவிகள் காட்டிய ஆழமும் ஏறத்தாழ அதுவே. ஏரியின் மிகக் கூடிய நீளத்தைக் காட்டும் கோடும் மிகக் கூடிய அகலத்தைக் காட்டும் கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலேயே அந்த ஆழம் இருப்பதையும் அவர் கண்டார். நம்பிக்கையாக நின்றதை ஒரு கயிறும் கல்லும் அறிவாக மாற்றின.

பனிக்கட்டி எவ்வாறு உருகுகின்றது என்பதையும் ஆராய்ந்தார். 1847 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் நாள் ஏரியின் நடுவே வெப்பமானியை இட்டுப் பார்த்தபோது பரனைற் அளவில் 32 பாகை, அதாவது உறைநிலை, காட்டிற்று. அயலிலுள்ள ஆழங்குறைந்த பிளின்ற் ஏரியிலோ, கரையை அண்டிய இடத்தில், ஓரடி தடித்த பனிக்கட்டியின் கீழ் 36 பாகை இருந்தது. வெயில் பனிக்கட்டியை ஊடுருவி அடிமண்ணைச் சூடாக்க, அச்சூடு மேலெழுந்து கட்டியைக் கீழிருந்தும் கரைக்கின்றது. ஆகவே ஆழங்குறைந்த ஏரி முந்தித் திறக்கின்றது என்று அவர் விளக்கினார். குளிர்காலக் காலையில் வெயில் ஏறும்போது உறைந்த ஏரி முழங்கி ஒலிப்பதையும் கேட்டு எழுதினார்.

1846 – 47 குளிர்காலத்தில் நூறு தொழிலாளர் வந்து பதினாறு நாட்கள் வோல்டன் ஏரியின் பனிக்கட்டியை அறுத்து அடுக்கினர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில் அப்பகுதி ஏரிகளின் பனிக்கட்டி மரத்தூளிற் பொதியப்பட்டுக் கப்பலேறி இந்தியா வரை சென்றது. சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமிக்கக் கட்டிய பனிக்கட்டிக் களஞ்சியமே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கின்றது. தம் ஏரியின் நீரைச் சென்னையிலும் கல்கத்தாவிலும் வாழ்வோர் பருகுவதாகத் தோரோ எண்ணி மகிழ்ந்தார். ஆயினும் வோல்டனில் அடுக்கிய குவியலின் பெரும்பகுதி எடுத்துச் செல்லப்படாது கிடந்து, 1848 செப்ரெம்பரிலேதான் முற்றாக உருகி ஏரிக்கே மீண்டது என்பதையும் அவரே குறித்து வைத்தார்.

உயிர்களோடு உறவு

குடிலின் கீழே குடியிருந்த காட்டெலி ஒன்று மனிதரைக் கண்டறியாதது. நாளடைவில் அது அவர் உடையில் ஏறி, விரல்களிலிருந்து உணவை உண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போகும். செவ்வெறும்புகளும் கரிய எறும்புகளும் விறகுக் குவியலிடையே போரிடக் கண்டபோது, மூன்று எறும்புகள் கட்டிப்புரண்ட ஒரு மரச்சிராயை எடுத்து வந்து கண்ணாடிக் குவளையால் மூடி, உருப்பெருக்கி கொண்டு பார்த்தார்.

லூன் என்னும் நீர்மூழ்கிப் பறவையைக் கனடாவில் வளரும் நம் பிள்ளைகள் நன்கறிவர். 1987 முதல் நமது ஒரு டொலர் நாணயத்தில் நீந்தும் பறவை அதுவே. இலையுதிர்காலத்தில் ஒருநாள் வோல்டன் ஏரிக்கு வந்த லூன் ஒன்றைத் தோரோ படகிற் பின்தொடர்ந்தார். அது மூழ்கியதும் எங்கே எழும் என்று கணித்துப் படகைச் செலுத்துவார். அது வேறெங்கோ எழுந்து சிரிப்பது போற் குரலெழுப்பும். பறவையே ஒவ்வொரு முறையும் வென்றது. அந்த விளையாட்டை அவர் விரித்து எழுதிய பகுதி, பறவைகளைப் பற்றிய எழுத்துகளுட் சிறப்பாகப் போற்றப்படுவதாகும்.

ஓரிரவுச் சிறை

1846 யூலையில், தைக்கக் கொடுத்த சப்பாத்தை வாங்க ஊருக்குட் சென்ற தோரோ கைதானார். அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு, மெக்சிக்கோ மீது போர் தொடுத்த அரசுக்கு, தலைவரி செலுத்த முடியாது என்று அவர் மறுத்து வந்தமையே காரணம். வேறொருவர் அந்த வரியைக் கட்டிவிட, மறுநாள் விடுதலையானார். விடுதலை பெற்றதும் சப்பாத்தை வாங்கி அணிந்து, காத்திருந்தோரை அழைத்துக்கொண்டு காட்டுப்பழம் பறிக்கச் சென்றார்.

இந்நிகழ்ச்சியை ஒட்டி அவர் எழுதி 1849 இல் வெளியான கட்டுரை, தென்னாபிரிக்காவில் அறப்போர் நடத்திய காந்தியடிகளின் கைக்கு எட்டியது. அடிகள் அதனைத் தமது பத்திரிகையில் எடுத்துரைத்தார். அப்போரிலே தமிழர் பெருந்தொகையாகச் சிறை சென்றனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையானபின் 1914 இல் உயிர் நீத்தார். ஏரிக்கரைவாசியின் எண்ணம் நம்மவரின் வரலாற்றோடும் இவ்வாறு வந்து கலந்தது.

இருபத்துநான்கு ஆண்டு நாட்குறிப்பு

1847 செப்ரெம்பர் 6 ஆம் நாள் குடிலை விட்டு ஊருக்குத் திரும்பிய தோரோ, நில அளவையாளராகத் தொழில் செய்து வாழ்ந்தார். தமையனார் நினைவாக எழுதிய ஆற்றுப்பயண நூல் 1849 இல் ஆயிரம் பிரதி அச்சாயிற்று. விற்காத 706 பிரதிகளை வெளியீட்டாளர் 1853 இல் அவரிடமே திருப்பி அனுப்பினார். அவற்றைத் தோளிற் சுமந்து மாடிக்கு ஏற்றிவிட்டு, அன்று மாலையே மீண்டும் எழுத அமர்ந்தார். ஏரிக்கரை வாழ்வைக் கூறும் ‘வோல்டன்’ என்னும் நூல் 1854 இல் வெளிவந்தது. அதன் முதற் பதிப்பின் 2,000 பிரதிகள் விற்பதற்கும் பல ஆண்டுகள் சென்றன.

ஆயினும் அவரது பெரும்படைப்பு நாட்குறிப்பே எனலாம். 1837 ஒக்ரோபர் 22 இல் தொடங்கி 1861 நவம்பர் வரை எழுதினார். ஏறத்தாழ இருபது இலட்சம் சொற்கள். நாள்தோறும் பல மணி நேரம் நடப்பார். கையில் அங்குலக் குறியிட்ட தடி, பறித்த செடியை வைக்கத் தொப்பியினுள் ஒரு தட்டு, இலைகளை அழுத்தி உலர்த்தப் பழைய இசைப்புத்தகம், தூரதிருட்டிக் கண்ணாடி, பென்சிலும் குறிப்பேடும். மழையென்றும் பனியென்றும் பாராது சென்று, கண்டதைக் குறித்து வந்து, பின்னர் விரித்து எழுதுவார். 1852 முதல் 1858 வரை நூற்றுக்கணக்கான செடிவகைகள் முதற்பூப் பூத்த நாட்களைத் தேடித் தேடிப் பதிந்தார்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஒருவரைத் தம் குடும்பத்து வீட்டில் மறைத்துக் காத்து, கனடாவை நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் ஏற்றிவிட்ட 1851 ஒக்ரோபர் 1 ஆம் நாளின் செய்தியும் அதே நாட்குறிப்பில் உள்ளது. பூக்களைத் தேடிய கண் மனிதரின் துன்பத்தையும் காணத் தவறவில்லை.

வோல்டன் ஏரி பனிக்கட்டி நீங்கி முற்றாகத் திறந்த நாட்களாக அவர் தம் நூலிலே தந்தவை பின்வருமாறு:

1845 – ஏப்பிரல் 1
1846 – மார்ச் 25
1847 – ஏப்பிரல் 8
1851 – மார்ச் 28
1852 – ஏப்பிரல் 18
1853 – மார்ச் 23
1854 – ஏறத்தாழ ஏப்பிரல் 7

இச்சிறு பட்டியலை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். இடையிலுள்ள 1848, 1849, 1850 ஆகிய மூன்றாண்டுகளை அவர் ஊகத்தால் நிரப்பவில்லை. இறுதி ஆண்டில் நாள் உறுதியாக இல்லாமையால் ஏறத்தாழ என்று எழுதினார். 1852 க்கும் 1853 க்கும் இடையே 26 நாள் வேறுபாடு இருப்பதையும் காணலாம். ஓராண்டை மட்டும் பார்த்துப் பருவம் மாறிவிட்டதென்று முடிவு கட்டலாகாது. பல்லாண்டுக் கணக்கு வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. ஏழு நாட்களின் சராசரியைக் கணித்துப் பாருங்கள். ஏப்பிரல் 2 வரும்.

இவ்வாறு பொறுமையாகத் திரட்டிய அவதானிப்புகளிலிருந்தே ஒரு விஞ்ஞான விளக்கமும் பிறந்தது. பைன் காட்டை வெட்டினால் அவ்விடத்தில் ஓக் மரங்கள் எழுவதேன் என்று உழவர் வியந்தனர். அணில்களும் பறவைகளும் ஓக் கொட்டைகளைப் பைன் மரங்களின் கீழ் முன்னரே கொண்டுவந்து புதைத்து விடுகின்றன என்பதைத் தோரோ கண்டு, 1860 செப்ரெம்பரில் உழவர் கழகக் கூட்டத்தில் எடுத்துரைத்தார்.

இறுதி நாட்கள்

1860 டிசெம்பர் 3 ஆம் நாள், குளிரில், வெட்டுண்ட மரங்களின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது தடிமன் பிடித்தது. அது மார்புச் சளியாகி, உள்ளே உறைந்திருந்த காசநோயை எழுப்பிவிட்டது. 1861 நவம்பர் 3 ஆம் நாளே நாட்குறிப்பின் கடைசி நாள். இரவிற் பெய்த புயல்மழை புகையிரதப் பாதையின் சரளை மண்ணில் விட்டுச் சென்ற கீற்றுகளைப் பார்த்து, மழை எத்திசையிலிருந்து வந்தது என்று அறியலாம் என அன்று எழுதினார். எவரும் மிதித்துச் செல்லும் மண்ணிலே இறுதிவரை அவர் எழுத்தைக் கண்டார்.

பல்லாண்டுக் குறிப்புகளை மாத வாரியாகப் பெரிய அட்டவணைகளிற் தொகுக்கும் பணி முடியவில்லை. 1862 மே 6 ஆம் நாள், 44 ஆவது வயதில் அவர் காலமானார். இறுதிச் சடங்கின்போது ஊர்ப் பாடசாலைகள் நேரத்தோடு விடப்பட்டன. அவருடன் காட்டுப்பழம் பறித்த பிள்ளைகள் பலர் அங்கு வந்தனர். பிரம்பைத் துறந்த ஆசிரியருக்கு இதனினும் சிறந்த மரியாதை வேறு யாது?

குறிப்பேடு சாட்சியானது

அவர் மறைந்தபின் கொன்கோர்டிற் கடை நடத்திய அல்பிறட் ஹொஸ்மர் என்பவர் அதே செடிகள் பூக்கும் நாட்களைத் தாமும் பல ஆண்டுகள் குறித்து வைத்தார். தோரோவின் நாட்குறிப்பு 1906 இல் பதினான்கு தொகுதிகளாக அச்சேறியது. ஏரியைச் சூழ்ந்த நிலத்தை உரிமையாளர்கள் 1922 இல் மாநில அரசுக்கு வழங்க, அது காக்கப்பட்ட இயற்கை நிலமாயிற்று.

நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், பொஸ்ரன் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் றிச்சட் பிறிமாக் என்பவரும் அவருடைய மாணவரும் தோரோவின் குறிப்புகளைக் கையிலெடுத்து அதே காடுகளில் நடந்தனர். 2008 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு பொதுவாகக் காணப்படும் 43 செடிவகைகள் தோரோவின் காலத்திலும் சராசரியாக ஏழு நாட்கள் முந்திப் பூக்கின்றன. உலக வெப்ப உயர்வும் நகர்ப் பெருக்கமும் சேர்ந்து அப்பகுதியின் வெப்பநிலையை 2.4 பாகை சதம அளவு கூட்டியுள்ளன. வோல்டன் ஏரியும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முந்தியே பனிக்கட்டி நீங்கித் திறக்கின்றது. முன்னாளிற் பதிவு செய்யப்பட்ட செடிவகைகளுள் நான்கிலொரு பங்கிற்கு மேற்பட்டவை அவ்வூரிலிருந்தே மறைந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் இம்மாற்றத்தை இன்று எண்ணிக்கையாக எடுத்துக் காட்ட முடிகின்றதென்றால், ஊரார் நகைத்த ஒருவர் அன்று நாள் தவறாது எழுதி வைத்ததே காரணம். இப்படியொரு பயன் விளையும் என்று அவருக்கே தெரியாது.

நாம் செய்யக்கூடியது

மாணவச் செல்வங்களே, ஒன்ராறியோவில் ஏரிகளுக்குக் குறைவில்லை. உங்கள் வீட்டுக்கு அண்மையிலும் ஒரு குளமோ ஓடையோ பூங்காவோ இருக்கும். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். திகதி, இடம், நேரம், வானிலை, கண்ட உயிர் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். வாத்துக் கூட்டம் தெற்கே பறந்த நாள், மேப்பிள் மரத்தின் முதல் இலை சிவந்த நாள், குளம் உறைந்த நாள், திறந்த நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். காணாததை எழுதாதீர்கள், உறுதியில்லாததை ஏறத்தாழ என்று எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். பறவையின் தமிழ்ப் பெயர் தெரியாவிட்டால் அதன் நிறத்தையும் குரலையும் தமிழில் விபரியுங்கள். மொழி வளர்வது அப்படித்தான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சோளகம் எப்போது பெயரும், கச்சான் எப்போது வீசும், வாடை வந்தால் கடல் எப்படி மாறும், வேம்பு எம்மாதம் பூக்கும், பனம்பழம் எப்போது விழும் என்பனவற்றை நம் வீடுகளிலுள்ள முதியோர் மனத்திலே வைத்திருக்கின்றனர். ஊரில் இருந்தபோது அவற்றை எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. காற்றும் மரமும் ஆண்டுதோறும் நினைவூட்டின. இங்கு நினைவூட்ட எதுவுமில்லை. அப்பாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்டு அக்கொப்பியின் மறுபுறத்திற் பிள்ளைகள் எழுதட்டும். அவர்களோடு போய்விட்டால் அவ்வறிவை எந்த நூலகத்திலும் தேடிப் பெற முடியாது.

ஒரு நாடு நமக்குக் குடியுரிமையைத் தாளிற் தருகின்றது. அந்த நாட்டின் மரங்களையும் பறவைகளையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த பிள்ளை, அங்கே அந்நியனாக நிற்பதில்லை. விடுமுறை நாளொன்றில் உங்கள் பிள்ளைகளை அருகிலுள்ள நீர்நிலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கேள்விகள் அவர்களிடமிருந்து தாமாகவே எழும். விடை தெரியாதவற்றைக் குறித்து வைத்து, அடுத்த வாரம் தமிழ் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.